வெள்ளோட்டம் விட்டவர்கள்

கோயிலுக்குப் புதிய தேர் ஒன்று செய்து முடிந்ததும், சுவாமியை அதில் எழுந்தருளச் செய்வதற்கு முன்னர் வெள்ளோட்டம் விடுதல் வழக்கம். சில்லு எங்கே இறுகுகிறது, அச்சு எங்கே முனகுகிறது, வீதி மூலையிலே திரும்பும்போது முட்டுக்கட்டைக்கு அடங்குகிறதா என்பவற்றையெல்லாம் அன்று பார்த்துக்கொள்வார்கள். தேர் சாய்ந்தாலும் சுவாமி அதன்மேல் இல்லை என்ற ஆறுதல் ஒன்று உண்டு. ஆயினும் வடம் பிடித்து நிற்பவர்களுக்கும், சில்லின் அருகே கட்டையோடு குனிந்து நிற்பவர்களுக்கும் அந்த ஆறுதல் பெரிதாக உதவுவதில்லை.

கணனிகளுக்கும் இத்தகைய வெள்ளோட்டம் உண்டு. ஒரு கணனியிலே பல நிரல்கள் இயங்குகின்றன. கடிதம் எழுதுவதற்கு ஒன்று, கணக்குப் பார்ப்பதற்கு ஒன்று, படம் வரைவதற்கு ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் அடியிலே இருந்து, எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது, நினைவகத்தில் எவ்வளவு இடம் விடுவது, வன்தட்டிலே எந்த மூலையில் எதை எழுதுவது என்று தீர்மானிக்கும் நிரலுக்குப் பணிசெயல் முறைமை என்று பெயர். மேலே ஓடும் நிரல் ஒன்று பிழைத்தால் அந்த ஒன்றோடு போயிற்று. அடியிலுள்ள முறைமை பிழைத்தாலோ, கணனியில் உள்ள அனைத்தும் அதன் கையில் இருப்பதனால், அனைத்தும் போகக்கூடும். ஆகவே புதிய முறைமையொன்றை, அது முதிராத நிலையில், தமது சொந்தக் கணனியிலே ஏற்றிப் பார்க்க முன்வருபவர்கள் எப்போதும் சிலரே. அத்தகைய சிலரைப் பற்றியதே இப்பேச்சு.

1991ஆம் ஆண்டு பிறந்தபோது பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில், லினஸ் தோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர் கணனியொன்றைத் தவணைப் பணத்துக்கு வாங்கினார். இன்டெல் நிறுவனத்தின் 80386 செயலி பொருத்திய கணனி அது. சுவீடிஷ் மொழி பேசும் குடும்பத்திற் பிறந்த அவர், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திலே கணனி விஞ்ஞானம் பயின்றுகொண்டிருந்தார். பல்கலைக்கழகத்துக் கணனியிலே ஓடிய யூனிக்ஸ் என்னும் முறைமை அவருடைய மனத்தைக் கவர்ந்திருந்தது. அதனை வீட்டுக்குக் கொண்டுவர மாணவரின் பணப்பை இடங்கொடுக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பேராசிரியர் அன்ட்ரூ டனன்போம் என்பவர், மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் பொருட்டு யூனிக்ஸைப் போன்ற சிறிய முறைமையொன்றை ஆக்கி, 1987இல் தமது பாடநூலோடு வெளியிட்டிருந்தார். மினிக்ஸ் என்பது அதன் பெயர். தோர்வால்ட்ஸ் அதனை வாங்கித் தமது கணனியில் நிறுவினார்.

மினிக்ஸில் அவருக்குக் குறையாகப் பட்டவற்றுள் ஒன்று, தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணனியோடு தொடர்பு கொள்ள உதவும் நிரல். அதற்கு மாற்றாகத் தாமே ஒன்றை எழுத முனைந்தார். அதையும் எந்த முறைமையின் உதவியுமின்றி, வெறும் கணனியின்மேல் நேரடியாக ஓடும்படி எழுதினார். அச்செயலியின் உள்ளமைப்பைக் கற்பதும் அவருடைய நோக்கமாக இருந்தது. முதலிலே அது செய்த வேலை மிகவும் சிறியது. ஒரு பணி திரையில் 'ஏ' என்ற எழுத்தை இடைவிடாது எழுதும். மற்றொரு பணி 'பி' என்ற எழுத்தை எழுதும். உள்ளிருக்கும் கடிகாரம் இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிடும். பார்ப்பவருக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே செயலி இரண்டு வேலைகளைப் பகிர்ந்து செய்கிறது என்பதற்கு அந்த எழுத்து வரிசையே சாட்சி.

பின்னர், பல்கலைக்கழகத்திலிருந்து எடுக்கும் கோப்புகளைச் சேமித்துவைக்க வேண்டியிருந்தது. சேமிப்பதற்கு வன்தட்டை இயக்கும் நிரல் வேண்டும். தட்டிலே கோப்புகளை ஒழுங்காக அடுக்கி வைக்கும் முறை வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக இவற்றை எழுதிச் சேர்த்தபோது, தொடர்பு கொள்ளும் நிரலாகத் தொடங்கியது முறைமையாக வளர்ந்துவிட்டது. 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி, மினிக்ஸ் பயில்வோர் தமக்குள் செய்தி பரிமாறும் யூஸ்நெட் குழுவிலே அவர் ஓர் அறிவித்தலை விடுத்தார். இலவச முறைமையொன்றைச் செய்துகொண்டிருப்பதாகவும், அது வெறும் பொழுதுபோக்கே என்றும், பெரிதாக வளரக்கூடியதன்று என்றும் அதிற் கூறி, மினிக்ஸில் எவை பிடிக்கும், எவை பிடிக்காது என்று மற்றவர்களைக் கேட்டிருந்தார். வருங்காலத்தைச் சொல்வதில் அவ்வறிவித்தல் எவ்வளவு தவறிற்று என்பதைப் பலரும் பின்னர் எடுத்துச் சொல்லிச் சிரித்ததுண்டு.

செப்ரெம்பர் மாதத்தில் 0.01 என்னும் முதற் பதிப்பு வெளிவந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகள் கொண்ட நிரல் அது. அதற்கு 'பிரீக்ஸ்' என்று பெயரிட அதன் ஆசிரியர் எண்ணியிருந்தார். ஆனால் பின்லாந்தின் கோப்புக் களஞ்சியக் கணனியிலே அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த ஆரி லெம்கே என்பவருக்கு அப்பெயர் பிடிக்கவில்லை. அவர் அந்த இடத்துக்கு 'லினக்ஸ்' என்று பெயரிட்டுவிட்டார். பிள்ளைக்குத் தகப்பன் வைத்த பெயர் நிலைக்காமல், இடங்கொடுத்தவர் வைத்த பெயர் நிலைத்தது. பகிரங்க அறிவித்தல் ஏதும் இன்றி, ஒரு சிலருக்கு மட்டும் மின்னஞ்சல் மூலம் செய்தி போயிற்று.

அந்த ஒரு சிலர் பெற்றது என்ன? முறைமை என்ற சொல்லைக் கேட்டதும் இன்றைய நேயர்களின் மனத்திலே தோன்றும் வண்ணத் திரையோ, படங்களோ அங்கே இல்லை. நிரலின் மூலவடிவந்தான் கிடைத்தது. அதனை ஓடக்கூடிய வடிவமாக மாற்றுவதற்கு மினிக்ஸ் ஏற்கனவே கணனியில் இருத்தல் வேண்டும். வன்தட்டின் அளவுகளை, அதாவது எத்தனை தலைகள், எத்தனை உருளைகள் என்னும் கணக்குகளை, பயனாளரே நிரலுக்குள் எழுதிச் சேர்க்க வேண்டும். விசைப்பலகை பின்லாந்து நாட்டு முறைப்படி அமைந்திருந்தது. வேறு நாட்டார் ஒரு விசையை அழுத்தினால் வேறோர் எழுத்துத் திரையிலே தோன்றும். அதனைத் திருத்த வேண்டுமாயின், செயலியின் மொழியிலே எழுதப்பட்ட பகுதியைத் திறந்து தாமே மாற்ற வேண்டும். இத்தனையும் செய்து கணனியை இயக்கினால், திரையின் ஓரத்தில் ஒரேயொரு குறி தோன்றிக் கட்டளைக்காகக் காத்து நிற்கும். கடவுச்சொல் கேட்பதில்லை. வந்தவர் எவராயினும் அவரே அக்கணனிக்கு முழு அதிகாரி.

இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். அக்குறியின் முன்னே அமர்ந்தவர்களின் நிலை வேறு. அவர்களுடைய மேசைமேல் இருந்த 80386 செயலி ஒரே வேளையில் பல வேலைகளைச் செய்யும் வல்லமை படைத்தது. ஆனால் அக்காலத்தில் அத்தகைய கணனிகளிற் பெரும்பாலானவற்றில் ஓடிய டொஸ் என்னும் முறைமை அவ்வல்லமையை எழுப்பவேயில்லை. எட்டுக் குதிரை பூட்டத்தக்க வண்டியை ஒற்றைக் குதிரை இழுத்துச் சென்றதைப் போன்ற நிலைமை அது. இப்போது அந்தச் செயலியின் முழு ஆற்றலும், மூலவடிவத்தோடு, எவரும் திறந்து பார்த்துத் திருத்தும் வண்ணம், விலையின்றிக் கிடைத்தது.

ஒக்டோபர் 5ஆம் திகதி 0.02 என்னும் பதிப்பு பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அவ்வருட முடிவுக்குள் 0.11 வரை எண் ஏறிற்று. இப்போது மினிக்ஸ் இல்லாதவர்களும் லினக்ஸை ஓட்டிப் பார்க்க முடிந்தது. இரண்டு நெகிழ்வட்டுகள் போதும். முதலாவதை இட்டுக் கணனியை இயக்கினால் முறைமை நினைவகத்துக்கு ஏறும்; இரண்டாவதை இட்டு விசையை அழுத்துமாறு திரையிலே வேண்டுகோள் வரும்; அழுத்தினால் கட்டளைக்குறி தோன்றும். இந்த அளவோடு நிறுத்திக்கொள்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. நெகிழ்வட்டை எடுத்துவிட்டுக் கணனியை மீண்டும் இயக்கினால் பழைய முறைமை வந்து நிற்கும்.

ஆபத்து அதற்கு அடுத்த படியில் இருந்தது. நெகிழ்வட்டிலிருந்து ஓடுவது மெதுவாதலால், பார்த்தவருக்கு அதனை வன்தட்டில் அமர்த்த ஆசை பிறக்கும். வன்தட்டில் ஏற்கனவே டொஸ் இருக்கும். பரீட்சைக் கட்டுரை இருக்கும். அலுவலகக் கணக்கு இருக்கும். தட்டை வகுத்து ஒரு பிரிவைப் புதிய முறைமைக்கு ஒதுக்க வேண்டும். பிரிவுகளுக்கு எண்கள் இருந்தன. எச்.டி. 1 என்றால் முதலாம் தட்டின் முதலாம் பிரிவு. 2 என்றால் இரண்டாம் பிரிவு. எச்.டி. பூச்சியம் என்றால் முதலாம் பிரிவுக்கு முந்திய ஏதோ ஒரு சிறு பகுதி என்று புதியவர் ஒருவர் நினைக்கலாம். அஃதன்று. பூச்சியம் என்பது முழுத் தட்டையும் குறிக்கும். கோப்பு அமைப்பை உண்டாக்கும் கட்டளையிலே ஒன்றுக்குப் பதிலாகப் பூச்சியத்தை அழுத்திவிட்டால், முறைமை எதிர்க்கேள்வி கேட்பதில்லை, சொன்னபடி செய்துவிடும். கட்டளையோடு பிரிவின் அளவையும் பயனாளரே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

வன்தட்டிலே அமர்த்திய பின்பும் முதலாவது நெகிழ்வட்டு, பழைய இடத்தையே தேடும். அதற்குப் புதிய இடத்தைக் காட்ட வேண்டும். எப்படி என்றால், அவ்வட்டின் தொடக்கப் பகுதியிலே 508ஆம் இடத்தில் தொடங்கும் இரண்டு பைட்டுகளைக் கருவியொன்றினால் திறந்து, அவற்றிலுள்ள எண்களைக் கையால் மாற்ற வேண்டும். இன்று தொடுதிரையில் விரலால் ஒருமுறை தட்டி முறைமையைப் புதுப்பித்துக்கொள்பவர்கள், அன்று அந்த இரண்டு பைட்டுகளை மாற்றியவரின் விரல் எவ்வளவு தயங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த ஆபத்து ஆசிரியரையும் விட்டுவைக்கவில்லை. 1991 இறுதியிலே ஒருநாள் தோர்வால்ட்ஸ், தமது கணனி தானாகவே பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி அழைப்பு எடுக்கும்படி செய்ய முயன்றுகொண்டிருந்தார். அழைப்புக் கட்டளையை மொடத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக, தவறுதலாக வன்தட்டின் பிரிவொன்றுக்கு அனுப்பிவிட்டார். யூனிக்ஸ் வழியிலே அமைந்த முறைமைகளுக்கு மொடமும் ஒரு கோப்பு, வன்தட்டும் ஒரு கோப்பு. எழுதச் சொன்ன இடத்தில் அவை எழுதும். மினிக்ஸ் இருந்த பிரிவின் தலைப்பகுதியிலே தொலைபேசி அழைப்புக் கட்டளை பதிந்தது, மினிக்ஸ் அழிந்தது.

அப்போது அவர்முன் இரண்டு வழிகள் இருந்தன. மினிக்ஸை மீண்டும் நிறுவித் தமது முறைமையை அதன் நிழலில் தொடர்ந்து வளர்க்கலாம். அல்லது தாம் செய்தது தனித்து நிற்கும் தகுதி பெற்றுவிட்டது என்று நம்பி அதன்மீதே குடியேறலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். தேர் செய்த ஆசாரி, தாமே ஏறி அமர்ந்துகொண்டார் என்று சொல்லலாம். இவ்விபத்து நிகழாதிருந்தால் எப்போது அவர் மினிக்ஸைக் கைவிட்டிருப்பார் என்பது எவராலும் சொல்ல முடியாதது.

அதே நத்தார் காலத்தில் மற்றொரு சம்பவம். ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கணனியில் இரண்டு மெகாபைட் நினைவகமே இருந்தது. லினக்ஸின் கருப்பகுதியைத் தாமே தொகுத்துப் பார்க்க அவருக்கு ஆசை. ஆனால் தொகுக்கும் நிரல் மட்டுமே ஒரு மெகாபைட்டுக்கு மேல் இடம் கேட்டது. எஞ்சிய இடம் போதவில்லை. சிறிய தொகுப்பு நிரல் ஏதும் உண்டா என்பது அவருடைய கேள்வி. இல்லை என்று ஒரு வரியிலே பதில் எழுதி விட்டுவிட்டிருக்கலாம். தோர்வால்ட்ஸ் அவ்வாறு செய்யவில்லை. நினைவகத்திலே உடனடியாகத் தேவைப்படாத பக்கங்களை வன்தட்டிலே ஒதுக்கிவைத்து, வேண்டும்போது திரும்ப அழைத்துக்கொள்ளும் முறையை அந்த விடுமுறை நாட்களிலே எழுதிச் சேர்த்தார். சிறிய அடுக்களையிலே பெரிய விருந்து சமைப்பவர்கள், அந்த வேளைக்கு வேண்டாத பாத்திரங்களை முற்றத்திலே வைத்துவிட்டு, தேவைப்படும்போது எடுத்துவருவதைப் போன்றது இம்முறை. வேலை சற்றுத் தாமதமாகும். ஆனால் நடந்து முடியும். 1992 சனவரியில் வந்த 0.12 பதிப்பில் இது இடம்பெற்றது. மினிக்ஸில் இவ்வசதி அப்போது இல்லை. அன்றுவரை ஒதுங்கி நின்ற பலர் லினக்ஸுக்கு வந்தது இதன் பின்னரே.

வெள்ளோட்டத்தின் பயன் இங்கேதான் விளங்குகிறது. ஆசிரியருக்குத் தெரியாத கணனி ஒன்று, அவர் காணாத வீடொன்றில் இருக்கிறது. அங்கே முறைமை இடறுகிறது. இடறியதைக் கண்டவர் மௌனமாக எடுத்தெறிந்துவிட்டால் ஒருவருக்கும் நன்மையில்லை. எழுதி அனுப்பினால் அடுத்த பதிப்பு உருவாகிறது. சிலர் இடறிய இடத்தைச் சொன்னதோடு நில்லாமல், திருத்தத்தையும் எழுதி இணைத்து அனுப்பினார்கள். மூலவடிவம் அவர்களிடம் இருந்ததனால் அது சாத்தியமாயிற்று.

இவர்களிடம் தோர்வால்ட்ஸ் பணம் கேட்கவில்லை. ஏதேனும் அனுப்ப விரும்பினால் தபால் அட்டை அனுப்புங்கள் என்றார். நியூசீலாந்திலிருந்தும் யப்பானிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஹெல்சிங்கி வீட்டுக்கு அட்டைகள் வந்தன. தம் கணனியின் வன்தட்டை ஒப்புக்கொடுத்து ஓட்டிப் பார்த்த ஒருவர், முத்திரையும் ஒட்டி நன்றியும் அனுப்புவது புதுமையான கொடுக்கல் வாங்கல்தான். கணனி வாங்கிய கடனிற் செலுத்தவேண்டி எஞ்சிய தொகைக்கும் பயனாளர்கள் பின்னர் பணம் சேர்த்து உதவினார்கள்.

பணத்தைப் பற்றிய வேறொரு சிக்கலும் எழுந்தது. முதற் பதிப்பின் நிபந்தனை, இதனை வைத்து எவரும் பணம் பெறலாகாது என்பது. நெகிழ்வட்டிலே பிரதி செய்து கொடுப்பவர்கள், வட்டின் விலையையும் தமது சிரமத்துக்கான சிறு தொகையையுமாவது பெறுவதை இது தடுத்தது. ஆகவே 0.12 பதிப்போடு அந்நிபந்தனை நீக்கப்பட்டு, ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த குனூ பொது உரிமம் கைக்கொள்ளப்பட்டது. அவ்வுரிமத்தின்படி விற்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது, திருத்தியதன் மூலவடிவத்தையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும்.

1992 சனவரி 29ஆம் திகதி, மினிக்ஸை ஆக்கிய பேராசிரியர் டனன்போமே களத்தில் இறங்கினார். லினக்ஸ் காலத்துக்கு ஒவ்வாதது என்பது அவர் வாதம். முறைமையின் எல்லா வேலைகளையும் ஒரே பெருங்கருவுக்குள் அடைத்துவைப்பது பழைய முறை; அவற்றைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, நடுவிலே மிகச் சிறிய கரு ஒன்றை மட்டும் வைப்பதே அறிவுக்கு ஒத்தது; அன்றியும் லினக்ஸ் ஒரேயொரு செயலி வகைக்குள் கட்டுண்டு கிடக்கிறது என்று அவர் எழுதினார். இளைஞர் அன்றிரவே சூடாகப் பதில் எழுதினார். பின்னர் அந்தச் சூட்டுக்காக வருத்தமும் தெரிவித்தார். பேராசிரியர் தமது பங்குக்கு, இவர் என் மாணவராக இல்லாதது நல்லது, இத்தகைய வடிவமைப்புக்கு உயர்ந்த புள்ளி கிடைத்திராது என்னும் கருத்துப்பட எழுதினார்.

பேராசிரியரின் வாதத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. சிறு கரு முறையிலே ஒரு பகுதி விழுந்தால் மற்றவை நிற்கும் என்பது உண்மையே. இன்றும் அம்முறையில் அமைந்த முறைமைகள் உள்ளன. ஒரே செயலியோடு கட்டுண்டது என்ற குற்றச்சாட்டும் அன்றைய நிலையில் சரியானதே. ஆனால் வெள்ளோட்டம் விட்டவர்களின் முன்னே இருந்த கேள்வி வேறு. மேலான வடிவமைப்பு எது என்பதை அவர்கள் கேட்கவில்லை. தம்மிடம் உள்ள கணனியிலே இன்றிரவு ஓடுவது எது, பிழைத்தால் திருத்த விடுவது எது என்பதையே கேட்டார்கள். பாடநூலின் துணையாக எளிமையோடு இருக்க வேண்டிய மினிக்ஸுக்குள் எல்லாருடைய திருத்தங்களையும் சேர்க்கப் பேராசிரியர் விரும்பவில்லை. ஆசிரியர் என்ற முறையில் அவர் செய்தது நியாயம். திருத்தங்களைக் கையில் வைத்திருந்தவர்கள் அவை ஏற்கப்படும் இடத்துக்குப் போனதும் நியாயம்.

0.12க்குப் பின் வந்த பதிப்புக்கு 0.95 என்று எண் இட்டார் தோர்வால்ட்ஸ். முழுமையான முதற் பதிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று 1992 மார்ச் மாதத்தில் அவர் நம்பியதே காரணம். அவர் எண்ணியது போல நடக்கவில்லை. கணனிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புப் பகுதி எதிர்பாராத அளவு தொல்லை கொடுத்தது. 0.99 வரை வந்ததும் எண்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டு, 0.99இன் முதலாம் திருத்தம், இரண்டாம் திருத்தம் என்று பதினைந்து வரை எண்ணி, இடையிலே ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இவ்வளவு காலமும் அதனை ஓட்டியவர்கள் யாவரும் சோதனைப் பதிப்பையே ஓட்டினார்கள் என்பதை மறக்கலாகாது. 1.0 என்னும் பதிப்பு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திலே விழாவெடுத்து வெளியிடப்பட்ட நாள் 1994 மார்ச் 14. பத்தாயிரம் வரிகளாக இருந்த நிரல் அப்போது ஒரு இலட்சத்து எழுபத்தாறாயிரம் வரிகளைத் தாண்டியிருந்தது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. அண்ட்ரொயிட் தொலைபேசிகளின் அடியில் இருப்பது லினக்ஸின் கருவே. உலகின் மிக விரைவான ஐந்நூறு கணனிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் அனைத்தும் லினக்ஸிலே ஓடுகின்றன. 2021 ஏப்ரலில் செவ்வாய்க் கிரகத்திலே பறந்த சிறு ஹெலிகொப்டரிலும் அது இருந்தது. ஒரே செயலியோடு கட்டுண்டது என்ற பழி எப்போதோ நீங்கிவிட்டது.

ஆனால் அந்த முதற் செயலியின் கதை வேறு விதமாக முடிந்தது. 80386இன் பழைய இயல்புகளுக்காகக் கருவுக்குள் வைத்திருந்த தனி ஏற்பாடுகள், காலஞ் செல்லச் செல்ல வளர்ப்பவர்களுக்குச் சுமையாயின. 2012 டிசெம்பரில் அவற்றை அகற்றும் திருத்தமொன்று தோர்வால்ட்ஸிடம் சமர்ப்பிக்கப்பட்டது. 1991இன் தொடக்கத்தில் அவர் வாங்கிய கணனியிலே இனிப் புதிய லினக்ஸ் ஓடாது என்ற குறிப்பும் அதனோடு இணைக்கப்பட்டிருந்தது. தமக்கு அந்தச் செயலியில் பாசம் ஏதும் இல்லை என்று சொல்லி, அவர் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்.